சட்டைக்கேற்ப வெட்டப்படும் உடம்பு: விண்ணப்பக் கட்டுரையும் தங்கவயலும்

உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. கட்டுரையை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஏற்றவாறு மாற்றி எழுத வேண்டும் என்பது அது. ஆலோசனை நிறுவனங்கள் இதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கின்றன. பேராசிரியர்கள் இலவசமாகச் சொல்கின்றனர். வெளிநாட்டில் இடம் பெற்ற மூத்த மாணவர்கள் யூடியூபில் சொல்கின்றனர். அளவெடுத்துத் தைத்த சட்டைதான் பொருந்தும் என்பது இவர்கள் அனைவரும் கையாளும் உவமை. ஆனால் தையற்காரர் அளப்பது உடம்பை; வெட்டுவது துணியை. விண்ணப்பக் கட்டுரையில் நடப்பதோ தலைகீழானது. சட்டை ஏற்கெனவே தைத்து மாட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் நுழைய மாணவரின் வாழ்க்கைதான் வெட்டிக் குறைக்கப்படுகிறது.

இந்த அறிவுரைக்குள் இரண்டு வேறுபட்ட செயல்கள் ஒரே பெயரில் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, விண்ணப்பிக்கும் துறையைப் பற்றித் தெரிந்துகொண்டு எழுதுவது. ஒரு துறையில் தொழிலாளர் வரலாற்றறிஞர் இருப்பார், இன்னொன்றில் இருக்கமாட்டார். ஓரிடத்தில் ஆவணக் காப்பகம் இருக்கும். இன்னோரிடத்தில் கள ஆய்வுக்கு வழி இருக்கும். இவற்றை அறிந்து, இந்த இடம் ஏன் வேண்டும் என்று சொல்வது நேர்மையான வேலை; ஆய்வு மாணவருக்கு அவசியமான பயிற்சியும்கூட. இரண்டாவது, தான் யார், எங்கிருந்து வந்தவர், தன் ஊர் எப்படிப்பட்டது என்பதை வாசிக்கும் குழுவின் விருப்பத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதுவது. முதலாவதில் மாறுவது விண்ணப்பம். இரண்டாவதில் மாறுவது சாட்சியம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத ஆசிரியர், மாணவருக்கு எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் பொய்ச்சாட்சிக்குப் பயிற்சி அளிக்கிறார்.

இதன் விளைவைப் பார்க்கக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்க வேலையை ஏற்றது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற மக்கள், அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலத்துக்கடியில் இறங்கினர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. தொழிலாளர் லைன்களில் தட்டிக் குடிசைகள் நின்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாறை வெடிப்பிலும் சிலிக்கோசிஸ் நோயிலும் மனிதர்கள் மாண்டனர். மைசூர் அரசிடமும் பின்னர் ஒன்றிய அரசிடமும் கைமாறிய சுரங்கங்கள், பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை சயனைடு மலைகள் என்று ஊரார் அழைக்கும் கழிவு மண்மேடுகள், இடிந்தும் இடியாமலும் நிற்கும் லைன் வீடுகள், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருவுக்கு அன்றாடம் ஆட்களை ஏற்றிச் செல்லும் தொடர்வண்டிகள்.

அந்த ஊரில் பிறந்து, அங்குள்ள பட்டக் கல்லூரி ஒன்றில் படித்து, வெளியே செல்ல முயலும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவளுடைய தாத்தா சுரங்கத் தொழிலாளி. தந்தை பெங்களூருவுக்குத் தினமும் சென்று வருபவர். அவள் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கிறாள். அறிவுரையின்படி ஐந்து கட்டுரைகள் எழுத வேண்டும். சமூகநீதியைத் தன் அடையாளமாக முன்வைக்கும் பல்கலைக்கழகத்துக்கு அவள் காயத்தைக் காட்ட வேண்டும்: இருட்டு, இருமல், சாதி, பசி. தலைமைத்துவம் பேசும் பல்கலைக்கழகத்துக்கு வெற்றியைக் காட்ட வேண்டும்: தடைகளைத் தாண்டிய தனியொருத்தி. சூழலியல் துறைக்கு சயனைடு மேடும் புழுதியும் வேண்டும். பாரம்பரிய ஆய்வு மையத்துக்குக் குட்டி இங்கிலாந்து என்று பெயர்பெற்ற பங்களாக்களும் கிளப்பும் வேண்டும். ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்திருப்பவர் 2018இல் வந்த கன்னடத் திரைப்படத்தின் பெயரால் மட்டுமே இந்த ஊரை அறிந்தவராக இருக்கலாம். அவருக்கு அந்தப் படத்திலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

இந்த ஐந்தில் எதுவும் முழுப் பொய்யன்று. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் விடுபடுவது அடுத்ததில் முழு உண்மையாக நிற்கிறது. காயத்தைக் கேட்கும் குழுவிடம், தாத்தாவின் தெருவில் வாசகசாலை இருந்தது என்று சொன்னால் படம் கலைந்துவிடும். தனியொருத்தியின் வெற்றியைக் கேட்கும் குழுவிடம், சங்கம்தான் கூலியை உயர்த்தியது, அதனால்தான் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர் என்று சொன்னால் கதாநாயகி காணாமற்போய்விடுவாள். ஆகவே மாணவி இவற்றைத் தானாகவே நீக்கக் கற்றுக்கொள்கிறாள். எவரும் கட்டளையிடுவதில்லை. எதை எழுதினால் இடம் கிடைக்கும் என்ற ஊகம் மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

கல்லூரி மாற்றத்துக்கான விண்ணப்பத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. இந்தியாவில் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குச் செல்பவர் கொண்டுசெல்வது மாற்றுச் சான்றிதழ். அதில் நடத்தை என்ற கட்டத்தில் 'நன்று' என்ற ஒரு சொல் இருக்கும். வேறு பல்கலைக்கழகம் என்றால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். அம்முறைக்கு ஆயிரம் குறைகள் உண்டு. ஆனால் அது எவரையும், 'ஏன் உன் கல்லூரியை விட்டு வருகிறாய்?' என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்வதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல மாற்றம் கோருபவரிடம் அதைத்தான் கேட்கின்றன. தங்கவயலின் மாணவிக்கு அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை எளிது: ஆய்வகம் போதாது, நூலகம் போதாது, விரும்பிய பாடம் இல்லை. ஆனால் அறிவுரை கேட்டால் வேறு விடை வரும். குறைசொல்பவளாகத் தெரியக் கூடாது. நன்றி கெட்டவளாகத் தெரியக் கூடாது. போதாமையை 'வளர்ச்சிக்கான தேடல்' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். ஊரே வேலைக்காக விடியற்காலையில் தொடர்வண்டி ஏறிச் செல்லும் இடத்தில், வெளியேறுதல் தனிமனிதத் தேடல் அன்று. அரசுகள் ஒரு நகரத்தின் பொருளாதாரத்தை மூடிவிட்டு மாற்று எதையும் தராமல் போனதன் விளைவு அது. அதைத் தன் மனவளர்ச்சியின் கதையாக எழுதும்படி அவளிடம் கேட்பது, பொறுப்பேற்க வேண்டியவர்களைக் கதையிலிருந்து வெளியேற்றுவதாகும்.

இவையெல்லாம் வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. இந்திய அரசே இந்த இரட்டை எழுத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலையும் முனைவர் பட்டமும் படிக்கச் சமூகநீதி அமைச்சகம் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை வழங்குகிறது. 2022 பிப்ரவரியில் வெளியான அதன் புதிய நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்றன. அந்த ஆண்டு மொத்த இடங்கள் 100இலிருந்து 125 ஆக உயர்த்தப்பட்டன. இடம் கூடியது, எதைப் படிக்கலாம் என்ற உரிமை குறைந்தது. இந்தியாவைப் பற்றிய ஆய்வை இந்தியாவிலேயே செய்யலாமே என்பது அரசுத் தரப்பின் விளக்கம்.

தங்கவயலின் மாணவிக்கு இது என்ன செய்கிறது? அவள் தன் தாத்தா உழைத்த சுரங்கத்தின் வரலாற்றை ஆய விரும்புகிறாள். அந்தச் சுரங்கங்களை நடத்திய நிறுவனத்தின் தலைமையிடம் லண்டன். காலனிய ஆட்சியின் இந்திய அலுவலக ஆவணங்கள் இன்றும் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. ஆகவே லண்டனில் படிப்பதற்கு அவளுக்கு எவரையும்விட வலுவான காரணம் உண்டு. பல்கலைக்கழகம் அவளுடைய நோக்க அறிக்கையில் தேடுவதும் அந்தக் காரணத்தைத்தான். சாதியும் உழைப்பும் பற்றி எழுதினால் துறை அவளை வரவேற்கும். அதே பக்கங்களை உதவித்தொகை விண்ணப்பத்தில் வைத்தால் அவள் தகுதியிழப்பாள். ஒரே பருவத்தில், ஒரே மேசையில், அவள் இரண்டு ஆளாக வேண்டும்: ஒரு கட்டுரையில் தங்கவயலின் மகள், இன்னொன்றில் ஊரற்ற, பொதுவான ஒரு பாடத்தின் மாணவி. குடும்பச் செல்வத்தில் வெளிநாடு செல்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் இந்திய வரலாற்றைத் தாராளமாக ஆயலாம். எவருடைய வரலாறு எழுதப்படாமல் கிடக்கிறதோ அவருக்கு மட்டுமே அதை எழுதத் தடை.

இதைக் கண்டித்த கல்விப்புலத்தாரில் பலர், அடுத்த ஆண்டு தங்கள் மாணவர்களிடம் தலைப்பைக் கொஞ்சம் மாற்றி எழுதுமாறு சொல்லிக்கொடுத்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மாணவருக்கு அது உதவிதான். ஆனால் அந்த உதவி ஒவ்வோர் ஆண்டும் நடக்கும்போது நெறிமுறை நிலைத்துவிடுகிறது. விதியை எதிர்க்கும் உழைப்பு முழுவதும் விதிக்குள் நுழையும் உத்தியாகச் செலவழிந்துவிடுகிறது.

விண்ணப்பக் கட்டுரை என்ற வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1920களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்களில் தேர்வு மதிப்பெண்ணால் நுழைந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. அதைக் கட்டுப்படுத்த அந்நிறுவனங்கள் குணநலன், ஆளுமை, குடும்பப் பின்னணி ஆகியவற்றை அளவுகோலாக்கின. ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' என்ற நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு விரித்துரைத்திருக்கிறார். மாணவரை முழு மனிதராகப் பார்க்கிறோம் என்ற இன்றைய இனிய சொல்லின் வேர், சிலரை முழு மனிதராகப் பார்த்து வெளியே நிறுத்தியதில் இருக்கிறது.

நூறு ஆண்டுகள் கழித்துக் கட்டுரை இன்னொரு சுமையையும் ஏற்றது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் இன அடிப்படையிலான சேர்க்கை முன்னுரிமையை நீக்கியது. ஆனால் இனம் தம் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் கட்டுரையில் எழுதினால் அதைக் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும் தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறிப்பிட்டார். பல கல்லூரிகள் உடனே தம் கட்டுரைக் கேள்விகளை மாற்றின. சாரா லாரன்ஸ் கல்லூரி அந்தத் தீர்ப்பின் வாசகத்தையே கேள்விக்குள் வைத்தது. ஒரு கொள்கை செய்ய வேண்டிய வேலையைப் பதினேழு வயது மாணவரின் நடைத்திறன் செய்ய வேண்டியதாயிற்று. இட ஒதுக்கீடு உரிமையாக இருக்கும் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். உரிமை இருக்கும் இடத்தில் சான்றிதழ் போதும். உரிமை நீங்கிய இடத்தில் உருக்கமான கதை வேண்டும்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். மூன்றும் கனமானவை.

முதல் மறுப்பு: மதிப்பெண் சொல்லாததைக் கட்டுரை சொல்லும், ஏழை மாணவருக்கு அது ஒரே வாய்ப்பு. இது கேட்க இனிமையாக இருக்கிறது. சான்று வேறாக இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்த சுமார் 60,000 விண்ணப்பங்களின் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் உள்ள தொடர்பைவிட, கட்டுரையின் உள்ளடக்கத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருந்தது. எதைப் பற்றி எழுதுவது என்ற தேர்விலேயே வர்க்கம் பதிந்துவிடுகிறது. இதன் மேல் ஐந்து இடங்களுக்கு ஐந்து விதமாக எழுது என்றால், நேரமும் ஆலோசகரும் ஆங்கிலமும் உள்ளவருக்கு அந்த வலிமை ஐந்து மடங்காகிறது.

இரண்டாம் மறுப்பு: கேட்பவரை அறிந்து பேசுவது பேச்சின் இயல்பு, அவையறிதல் என்பது தமிழ் மரபு போற்றிய பண்பு, இதில் என்ன குற்றம்? அவையறிந்து பேசுவது குற்றமன்று. ஆனால் அவையறிதல் என்பது சொல்லும் முறையைப் பற்றியது. எந்த அவைக்குப் போனாலும் சொல்பவர் அதே ஆள்தான். மேலும் அந்த மரபில் அவை கண்முன்னே இருந்தது; தன் முகத்தைக் காட்டியது; மறுத்துப் பேசியது. சேர்க்கைக் குழு தன் முகத்தைக் காட்டுவதில்லை. எதற்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்வதில்லை. ஏன் நிராகரித்தது என்றும் பெரும்பாலும் சொல்வதில்லை. அறிய முடியாத அவையை அறிந்து பேசு என்பது அறிவுரையன்று, சூதாட்டத்துக்கான அழைப்பு. சூதாட்டத்தில் தோற்கும் பணம் கையில் உள்ளவரே நெடுநேரம் ஆட முடியும்.

மூன்றாம் மறுப்பு நடைமுறை சார்ந்தது: விளையாட்டின் விதி இதுதான், மறுத்தால் இழப்பவர் ஏழை மாணவரே, அறிஞர்களின் தூய்மைக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இது நியாயமான கேள்வி. ஆகவேதான் பழியை மாணவர் மேல் சுமத்தக் கூடாது. இடம் வேண்டிப் படத்தைத் திருத்தி எழுதிய மாணவி குற்றவாளி அல்லள். குற்றம், கேள்வியை மங்கலாக வைத்துக்கொண்டு விடையைத் துல்லியமாக எதிர்பார்க்கும் நிறுவனத்துடையது. அந்த மங்கலை விற்றுப் பிழைக்கும் ஆலோசனைத் தொழிலுடையது. இரண்டையும் இயற்கை நியதிபோல் மாணவரிடம் ஒப்பிக்கும் ஆசிரியருடையது.

விளையாட்டின் விதியும் இப்போது ஆட்டம் காண்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஒரு துறையின் இணையப்பக்கத்தையும் கொடுத்தால், அந்த இடத்துக்கே பிறந்தவர் போன்ற கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நொடிகளில் எழுதித் தருகிறது. பொருத்தமாக மாற்றி எழுதுவது உண்மையான ஆர்வத்தின் அடையாளம் என்ற நியாயம் அத்துடன் போயிற்று. டியூக் பல்கலைக்கழகம் 2023-24 சேர்க்கைச் சுற்றில் கட்டுரைக்கு எண்ணால் மதிப்பிடுவதை நிறுத்தியது. ஆலோசகர்களும் செயற்கை நுண்ணறிவும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உலகப் புகழ்பெற்ற நிறுவனமே நம்பாத ஓர் அளவுகோலுக்காகத் தங்கவயலின் லைன் வீட்டில் ஒருத்தி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

மாற்றுவழி இல்லையா? இருக்கிறது, நடைமுறையிலும் இருக்கிறது. பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பவர் ஐந்து தெரிவுகள் வரை குறிப்பிடலாம். ஆனால் தன்விளக்கம் ஒன்றுதான். ஒரே எழுத்து எல்லா இடத்துக்கும் செல்கிறது. ஆகவே எந்த ஓர் இடத்தையும் துதிபாட வழியில்லை. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டுரையும் மூன்று நேரடிக் கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இந்தப் படிப்பு ஏன், கற்ற கல்வி இதற்கு எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, கல்விக்கு வெளியே செய்தவை எவ்வாறு ஆயத்தப்படுத்தின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரி மாற்றம் கோருபவர், தேர்ந்த துறைக்கு எவ்வாறு ஆயத்தமானார் என்ற கட்டாயக் கேள்விக்கும், ஏழில் மூன்று கேள்விகளுக்கும், ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை எழுதுகிறார். அவர் எத்தனை வளாகங்களைத் தெரிவு செய்தாலும் விடைகள் அவையே. மேலே சொன்ன 60,000 விண்ணப்பங்களும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவைதாம். ஆகவே பொதுக் கேள்வி வர்க்க வேறுபாட்டைத் துடைத்துவிடும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வேறுபாட்டை இடத்துக்கு இடம் பெருக்கும் கொடுமையை அது நிறுத்துகிறது. எஞ்சிய வேறுபாட்டுக்கு மருந்து, கட்டுரைக்கு அளிக்கும் மதிப்பைக் குறைப்பதும் அந்த மதிப்பு எவ்வளவு என்பதை வெளியிடுவதும்தான்.

வெளியிடுதல் ஏன் முக்கியம் என்பதற்கு இந்தியச் சான்றே போதும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, 2016இல் அளித்த அறிக்கையில், அந்த வேறுபாட்டின் போக்கு சமூகப் பிரிவு சார்ந்த பாகுபாட்டைக் காட்டுவதாகச் சொன்னது. நேர்காணலின் எடையைக் குறைக்கப் பரிந்துரைத்தது. மதிப்பெண்கள் பதிவாகியிருந்ததால்தான் அந்தப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. கட்டுரைக்கு என்ன மதிப்பு, யார் அளித்தார், எந்த அளவுகோலில் அளித்தார் என்ற பதிவு வெளியே வராத இடங்களில், பாகுபாடு இல்லை என்று சொல்பவரிடமும் சான்று இல்லை.

தங்கவயல் பிறருக்கேற்பத் தன்னைச் சொல்லிப் பழகிய ஊரன்று என்பதையும் கல்விப்புலம் அறிந்துகொள்ள வேண்டும். 1930இல் சுரங்கத் தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது அவர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்த நாள்களின் உழைப்பையும் பண்பாட்டையும் ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' நூலில் காணலாம். தம்மைத் திருடர்களாக ஐயுற்று அடையாளமிட வந்த நிறுவனத்திடம், எங்களை இப்படிப் பதியாதே என்று கூட்டாகச் சொன்ன மக்கள் அவர்கள். அவர்களுக்குச் சொந்த எழுத்தும் இருந்தது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வாசகர்கள் இருந்தனர். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்த பின்னர் ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை அங்கிருந்தே நூல்களாக வெளியிட்டது. பல பத்தாண்டுகள் கழித்துத் தமிழ்க் கல்விப்புலம் அயோத்திதாசரைக் கண்டெடுத்தபோது, அந்த எழுத்து அழியாமல் கைக்குக் கிடைத்ததில் சுரங்கத் தொழிலாளர்களின் காசுக்கும் பங்குண்டு.

அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தன. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் இயங்கிய குழுவும் அதே ஆண்டில் அதைச் செய்தது. உலக இயற்பியலின் முதல் சான்றுகளுள் ஒன்று தங்கவயலின் ஆழத்திலிருந்து வந்தது. அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். பல்கலைக்கழகங்கள் தங்கவயலுக்கு வந்தபோது எந்த விண்ணப்பக் கட்டுரையும் எழுதவில்லை. சுரங்கத்தொழிலாளியின் பேத்தி பல்கலைக்கழகத்துக்குச் செல்லும்போதுதான், அவள் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறாள் என்று உருக்கமாக எழுதிக் காட்டச் சொல்கின்றன.

இப்போது செய்ய வேண்டியவை தெளிவானவை. கட்டுரை கேட்கும் நிறுவனங்கள், அவை இந்தியாவின் புதிய தனியார் பல்கலைக்கழகங்களாக இருந்தாலும், என்ன தேடுகின்றன, அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும். 'உன்னைப் பற்றிச் சொல்' என்ற திறந்த கேள்வியை விட்டுவிட்டு, படிப்புக்கு வேண்டிய ஆயத்தத்தைப் பற்றி நேராகக் கேட்க வேண்டும். சமூகப் பின்னணியை உருக்கத்தால் அளக்காமல் சான்றிதழாலும் தரவாலும் அளக்க வேண்டும். தேசிய வெளிநாட்டு உதவித்தொகையின் தலைப்புத் தடை நீக்கப்பட வேண்டும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் அதைக் கேள்வி கேட்பது வெளிநாட்டில் இந்திய வரலாறு கற்பிக்கும் பேராசிரியர்களின் கடமை. அவர்களின் வகுப்பில் யார் வந்து உட்காரவில்லை என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தடைதான்.

மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டுரையை இரண்டு பகுதியாகப் பிரிக்கச் சொல்லலாம். ஊர், குடும்பம், கற்றது, செய்தது, எழுந்த கேள்வி ஆகியவை ஒரு பகுதி. அது எல்லா இடத்துக்கும் ஒன்றே. இந்தத் துறை ஏன், இந்த ஆசிரியர் ஏன், இந்தக் காப்பகம் ஏன் என்பது மறுபகுதி. அதை இடத்துக்கு இடம் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். முடித்தபின் ஒரு சோதனை: ஐந்து கட்டுரைகளையும் ஒரே மேசையில் வைத்து, அந்த ஊரில் அவளோடு வளர்ந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டும். ஐந்திலும் அவர் அதே ஆளை, அதே தெருவை அடையாளம் கண்டால் விண்ணப்பம் சரி. ஒன்றிலாவது 'யார் இது?' என்று கேட்டால், அங்கே வெட்டப்பட்டது துணியன்று.